"இரு" என்றால் உட்காரவா, காத்திருக்கவா?

கேள்வி: எங்கள் குட்டனுக்கு எட்டு மாதம். நாட்டு நாய்தான். நான் "உக்காரு" என்றால் உட்காருவான். மாமியார் "இரி மக்களே" என்பார், மகன் "சிட்" என்பான், அதற்கும் உட்காருவான். துபாயில் இருக்கும் என் கணவர் வீடியோ காலில் "இரி" என்றால் மட்டும் போனைப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறான். லீவுக்கு வந்தபோது ஒரு மாதம் அவர்தான் சோறு வைத்தார். "அதுக்குள்ள மறந்துட்டானா" என்று அவருக்கு வருத்தம். இன்னொன்று, கேட்டைத் திறக்கும்போது "இரு, இரு" என்றால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து ஓடுகிறான். — வாசகி, குலசேகரம்

பதில்: மறக்கவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். குட்டன் "இரி"யை இன்னும் படிக்கவே இல்லை. உங்கள் மூன்று பேரையும்தான் படித்து வைத்திருக்கிறான்.

இது எனக்கே கரண்ட் போன ஒரு ராத்திரியில்தான் உறைத்தது. தக்கலை வீட்டில் அப்போது கறுப்பி என்று ஒருத்தி இருந்தாள். "இரி" என்றால் பொத்தென்று உட்காருவாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவேன். அன்று இருட்டில் திண்ணையில் நின்று "இரி" என்றேன். சிமெண்ட் தரையில் நகம் டக் டக்கென்று கேட்கிறது, ஆள் உட்காரவில்லை. கிட்டே வந்து என் வலது கையை மோந்து பார்த்தாள். டார்ச்சை என் பக்கம் திருப்பி மறுபடி சொன்னேன், உடனே உட்கார்ந்தாள். பிறகு கவனித்தால், நான் "இரி" என்னும்போதெல்லாம் கை சட்டைப் பைக்குப் போகிறது, தாடை லேசாகத் தூக்குகிறது. அவள் பார்த்தது அதை. முப்பது வருஷம் மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டவனுக்குத் தன் கை போகிற இடம் தெரியவில்லை!

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று நூறு வருஷத்துக்கு முன்பு ஊரே திரண்டு பார்த்தது. விடை எத்தனையோ அத்தனை தடவை குளம்பால் தட்டும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டாலோ, கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாவிட்டாலோ கணக்கு தப்பியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் துளி அசையும். அங்கேதான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது.

போனில் உங்கள் கணவருக்கு வாசனை இல்லை, உடம்பு கையகலம்தான் தெரிகிறது, குரலும் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. குட்டன் நம்பி வைத்திருப்பதில் பாதிக்கு மேல் அங்கே இல்லை.

அப்படியானால் சொல்லே புரியாதா என்றால், புரியும். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி இன நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர் தெரிந்திருந்தது. சொல்லிக்கொடுத்த ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். தினமும் நாலைந்து மணி நேரம், மூன்று வருஷம் உட்கார்ந்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஐந்தாறு சொல் போதும். ஆனால் கையையும் சொல்லையும் ஒன்றாகக் காட்டினால் நாய் கையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கையைக் கட்டி அசையாமல் நின்று ஒரே ஒரு தடவை "இரி" சொல்லுங்கள், ஒரு நொடி விடுங்கள், பிறகு கை காட்டுங்கள். உட்கார்ந்ததும் முள் எடுத்த அவித்த மீன் ஒரு துண்டு. (கருவாடு வேண்டாம், உப்பு.) சில நாளில் கை வருவதற்கு முன்பே உட்காருவான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அதற்கும் உட்கார்ந்தால்தான் சொல் ஏறியிருக்கிறது. "இரி இரி இரி" என்று அடுக்கினால் மூன்றாவதுக்குத்தான் உட்கார வேண்டும் என்று படித்துக்கொள்வான்.

கேட் விஷயத்தில் தப்பு குட்டன்மேல் இல்லை. "இரு" என்று நாம் உட்காரவும் சொல்கிறோம், "இரு, வாறேன்" என்று காத்திருக்கவும் சொல்கிறோம். "இரி"க்கும் "இரு"வுக்கும் நடுவே அவன் காதுக்கு இருப்பதோ ஒரு மயிரிழை. உட்காரச் சொன்னீர்கள் என்று உட்கார்ந்தான், வேலை முடிந்தது, ஓடினான். காத்திருக்க "நில்லு" என்று வையுங்கள். உட்கார மூன்று பேருக்கும் ஒரே சொல். மாமியார் மாற மாட்டார், எனவே "இரி"யே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் டாமியை "போடா திருடா, சோம்பேறி" என்றுதான் கொஞ்சுவேன். அர்த்தம் புரிந்தால் வருத்தப்படுமா? — வாசகர், குளச்சல்

பதில்: வால் ஆடுகிறதல்லவா? புடாபெஸ்டில் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டுக் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் சந்தோஷப் பகுதி நன்றாக வேலை செய்தது. டாமிக்குத் "திருடா"தான் பாராட்டுச் சொல். ஒன்று மட்டும், நிஜமாகவே மீனைத் திருடும் அன்றைக்குத் திட்ட வேறு வார்த்தை தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாறசாலையில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு வயது நாயை வாங்கி வந்தோம். மலையாளம் கேட்டு வளர்ந்தவளுக்குத் தமிழ் புரியுமா? — வாசகி, களியக்காவிளை

பதில்: நாய்க்கு மொழி வித்தியாசம் தெரியும். அதே புடாபெஸ்டில் 18 நாய்களுக்கு ஒரே கதையை ஸ்பானிஷிலும் ஹங்கேரியனிலும் வாசித்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் மூளை வேறு வேறு மாதிரி வேலை செய்தது. ஆனால் உங்களுக்கு என்ன கவலை? வா, போ, இரி மூன்றும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதானே. "உக்காரு" மட்டும் அவளுக்குப் புதுசு. அதை நீங்களும் விட்டுவிடுங்களேன்.