ரீச்சரிடம் கேளுங்கள்: கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அரை மணி நேரம்

வன்னிப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ரீச்சர், எங்கள் தரம் 8 பிள்ளைகளை வவுனியா தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி கிடைத்துவிட்டது. போன வருடம் வேறொரு வகுப்பைக் கொண்டுபோனோம். கால் மணி நேரத்தில் எல்லாரும் வெளியே வந்து ஐஸ்கிறீம் கடையைத் தேடினார்கள். இந்த முறை என்ன செய்யலாம்?
— இளம் ஆசிரியர், நெடுங்கேணி

பதில்: தம்பி, பிள்ளைகளில் குறை இல்லை. "எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெடுங்கள்" என்று சொன்னால் அவர்கள் பெயர்ப்பலகையை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். பொருளைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

முதலில் நீங்கள் தனியாக ஒரு தடவை போய் வாருங்கள். எந்த நாளில் திறந்திருக்கும், ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளை உள்ளே விடுவார்கள் என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். அது சின்னக் கட்டடம். ஐம்பது பிள்ளைகள் ஒன்றாக நுழைந்தால் முதுகைத்தான் பார்க்கலாம். பாதிப் பேர் உள்ளே நிற்கும்போது மற்றப் பாதி வெளியே மர நிழலில் இருந்து வேறு வேலை செய்யட்டும்.

பிறகு நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரே ஒரு பொருள் கொடுங்கள். அரை மணி நேரம் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். பெயர்ப்பலகையை முதலில் வாசிக்கக் கூடாது. பென்சிலால் கீறட்டும். கீறும்போதுதான் கண் வேலை செய்யும்: எந்த இடம் உடைந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது, முன்பக்கத்தைப்போலப் பின்பக்கமும் செய்து முடித்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கீறி முடிந்த பிறகு பலகையை வாசிக்கலாம்.

நான் எப்போதும் தெரிந்தெடுத்தது கிளிநொச்சிப் பகுதியில் கிடைத்த சுடுமண் உருவங்களை. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக்குரியவை என்று சொல்லப்படுகிறவை. வழுவழுப்பான சிற்பங்கள் அல்ல, கரடுமுரடானவை. பெரிய சிற்பிதான் செய்ய வேண்டும் என்றில்லை, நம்மூர் ஆள் ஒருவரும் செய்திருக்கலாம் என்று நினைக்க வைப்பவை. அதனாலேயே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். என் வகுப்பில் ஒரு பெடியன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். கடைசியில் "ரீச்சர், இதுக்கு மண் குளத்திலயா எடுத்தவை?" என்று கேட்டான். எனக்கு அன்றைக்கு அது போதும். அந்த ஒரு கேள்வியில் குளம், களிமண், சூளை, விறகு, செய்தவர், வாங்கியவர் என்று ஒரு தவணைப் பாடம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் குளத்தடி மண்ணில் ஒரு உருவம் பிடித்து, காயவைத்து, சுட்டுப் பார்த்தோம். பாதி வெடித்துப் போயிற்று. ஏன் வெடித்தது என்று விசாரிக்க பிள்ளைகள் தாங்களாகவே சட்டி பானை செய்கிற வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொரு விஷயத்துக்கும் ஆயத்தமாகப் போங்கள். நடு அறையில் சுண்ணக்கல்லில் செதுக்கிய பழைய புத்தர் சிலைகள் இருக்கின்றன. "ரீச்சர், இது எங்கட வரலாறா, அவையின்ர வரலாறா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். தயவுசெய்து அதை அடக்கிவிடாதீர்கள், பயந்து பேச்சை மாற்றவும் வேண்டாம். வவுனியா மாவட்டத்திலேயே பெரியபுளியங்குளத்தில் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய, கிறிஸ்துவுக்கு முந்திய கல்வெட்டுகள் உண்டு. மொழி பிராகிருதம் என்ற பழைய வட இந்திய மொழி. அவற்றில் இரண்டு, விசாகன் என்ற தமிழ் வணிகர் ஒருவரைக் குறிப்பிடுகின்றன, அதுவும் பௌத்த துறவிகள் தங்கிய இடத்தில். இந்த மண்ணில் தமிழரும் இருந்தார்கள், பௌத்தமும் இருந்தது, பௌத்தத்துக்குக் கொடுத்த தமிழரும் இருந்தார்கள். தரம் 8 பிள்ளைக்கு இது விளங்கும். பெரியவர்களுக்குத்தான் சிலவேளை கஷ்டமாக இருக்கிறது.

ஐஸ்கிறீமையும் வாங்கிக் கொடுங்கள். தூரப் பயணம், பாவம்.

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் தரம் 10. வரலாற்றுச் செயற்றிட்டத்துக்கு வவுனியா வரை போக வீட்டில் வசதி இல்லை. கற்சிலைமடுவில் உள்ள பண்டார வன்னியன் நினைவுக்கல்லைப் பற்றி எழுதலாமா? எல்லாரும் அதைப்பற்றி எழுதிவிட்டார்களே?
— மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாக எழுதலாம் பிள்ளை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னித் தலைவன் என்று எல்லாரும் பண்டார வன்னியனைப் பற்றி எழுதுகிறார்கள், நீங்கள் அந்தக் கல்லைப் பற்றி எழுதுங்கள்.

கல்லின் வாசகம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம். இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803 என்பது அதன் பொருள். இதை யார் சொல்கிறார்கள்? வென்ற ஆங்கிலேயர். வன்னிக் காட்டு வழியில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் யார் வாசிப்பார்கள் என்று நினைத்தார்கள்? அதே வருடம் ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி ஆங்கிலேயப் படையைத் துரத்தினார். அதைப்பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இன்றைக்கு ஊர் நினைவுகூருவது அந்த ஓகஸ்ட் 25ஐத்தான். தோல்வியைச் சொல்லும் கல் தோற்றவருடைய நினைவிடமாக மாறியது எப்படி? இதுதான் உங்கள் செயற்றிட்டம்.

இன்னொன்று. அன்று அவர் அங்கே கொல்லப்பட்டார் என்று பிள்ளைகள் எழுதுவதை நிறையத் திருத்தியிருக்கிறேன். கல்லில் "தோற்கடித்தார்" என்றுதான் இருக்கிறது. இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். ஊரில் வயது போனவர்கள் சொல்லும் கதைகளையும் சேருங்கள். ஆனால் அது கதை என்று தனியாகக் குறித்து, சொன்னவரின் வயதையும் ஊரையும் பக்கத்தில் போடுங்கள். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கில நூல் ஏதாவது நூலகத்தில் கிடைத்தால், ஆங்கில ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை வாசியுங்கள்.

கேள்வி: பாடசாலையில் பழம்பொருள் மூலை வைக்கிறார்களாம். வீட்டிலிருந்து பழைய சாமான் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள் என்று மகள் அழுகிறாள். 2009இல் நாங்கள் உடுத்த உடுப்போடு வந்தவர்கள். எங்களிடம் என்ன இருக்கிறது?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். வன்னியில் ஒரு வகுப்பில் இப்படி எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை யோசித்த பிறகுதான் ஆசிரியர்கள் இப்படியான வேலையைக் கொடுக்க வேண்டும்.

மகளுக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் பக்கத்தில் இருத்தி, விட்டுவிட்டு வந்த சாமான் ஒன்றைப் பற்றிக் கேட்கட்டும். நெல் போட்டு வைத்த கொம்பறை, உரல், சுளகு, பித்தளைக் குத்துவிளக்கு, எதுவும் சரி. எவ்வளவு உயரம், கைபிடி எந்தப் பக்கம், யார் வாங்கித் தந்தது, கடைசியாக எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கீறட்டும். அம்மம்மா பிழை பிடிப்பார், அழித்துவிட்டுத் திரும்பக் கீறட்டும். கீழே சொன்னவர் பெயரும் ஊரும். அந்தப் படம் அந்த மூலையில் மற்றப் பொருட்களுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இழந்த பொருளுக்கு வாய்மொழியும் சாட்சிதான். உங்களுக்குக் கதைக்க மனம் வராத நாளில் கதைக்க வேண்டாம், மகளும் வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: தோட்டம் கொத்தும்போது பழைய நாணயம், ஓடு ஏதும் வந்தால் பாடசாலைக்குக் கொடுக்கலாமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: கொடுக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நம்பக்கூடியது தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து வருவது அரசுக்கு உரியது. அனுமதியில்லாமல் தேடிக் கிண்டுவது குற்றம். கொத்துவதை நிறுத்தி, கழுவாமல் உரஞ்சாமல் வைத்து, எந்த ஆழத்தில் வந்தது என்று எழுதி, கிராம அலுவலரிடமோ தொல்பொருள் திணைக்களத்திடமோ அறிவியுங்கள். கண்டெடுத்த இடம் தெரியாத நாணயத்தின் வரலாற்றில் பாதி போய்விடும்.

உலோகமாக எது தெரிந்தாலும், நாணயமோ வேறேதோ என்று சந்தேகம் வந்தால், தொடவே வேண்டாம். நம் மண்ணில் இன்னும் வெடிபொருட்கள் இருக்கின்றன. தட்டிப் பார்க்காமல், கல்லெறியாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப்போய் பொலிசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் ஒருவர் தூரத்தில் காவல் நிற்க வேண்டும்.