புகைப்படம் கலையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரியின் ஆண்டுக் கலைக்கண்காட்சிக் குழுவில் இருக்கிறேன். இம்முறை ஓவியங்களோடு புகைப்படங்களையும் வைக்கலாம் என்றேன். மூத்த பேராசிரியர் ஒருவர் மறுத்தார். படத்தை உருவாக்குவது இயந்திரம், மாணவர் பொத்தானை அழுத்துவதோடு சரி, கைப்பேசி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கலைஞர்களா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு செயலைக் கலை என்று எப்போது சொல்லலாம்?

வாசகர் ஒருவர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இது பழைய ஐயம்தான். புகைப்படம் எடுக்கும் முதல் முறைகளில் ஒன்றான டாகெரின் முறை 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. 1859இலேயே பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், புகைப்படம் கலைகளுக்கும் அறிவியலுக்கும் பணியாளாக இருந்தால் போதும் என்று எழுதிவிட்டார்.

அதைக் கலை என்று நிறுவ முயன்றவர்கள் சொன்ன காரணங்கள்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கின்றன. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் புகைப்படம் ஒன்றைப் பற்றிய பதிப்புரிமை வழக்கில், 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உடையையும் தோரணையையும் ஒளிநிழலையும் படமெடுத்த நெப்போலியன் சரோனி தாமே அமைத்ததால் அது அவருடைய படைப்பு என்றது. பிறகு வந்த புகைப்படக்காரர்களில் ஒரு சாரார் பிசினும் நிறமியும் பூசி, தூரிகையால் தேய்த்து, அச்சுப்படியை ஓவியம்போல ஆக்கிக் காட்டினார்கள். நீதிமன்றம் கலையைக் கேமராவுக்கு முன்னால் தேடியது. இவர்கள் அதற்குப் பின்னால் தேடினார்கள். நடுவில் இருக்கும் பொத்தானை இரு தரப்பும் உங்கள் பேராசிரியருக்கே விட்டுக்கொடுத்துவிட்டன.

எழேன் அட்ஜேயின் படங்களைப் பாருங்கள். 1890களின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும் காலம்வரை, கனமான மரக் கேமராவைச் சுமந்து பாரிஸின் தெருக்களையும் கடைகளையும் பூங்காக்களையும் கண்ணாடித் தகடுகளில் எடுத்தவர் அவர். ஓவியர்களுக்கு ஆவணங்கள் என்று சொல்லித்தான் அவற்றை விற்றார். 1926இல், கனவையும் ஆழ்மனத்தையும் கலையில் தேடிய சர்ரியலிஸ்டுகளின் இதழில் அவர் படங்கள் வந்தபோது தம் பெயரைப் போட அனுமதிக்கவில்லை. 1925ஐ ஒட்டி அவர் எடுத்த துணிக்கடைப் படம் ஒன்றில், கண்ணாடிக்கு உள்ளே நிற்கும் பொம்மைகளின்மீது எதிரிலுள்ள கட்டடமும் மரங்களும் பிரதிபலிக்கின்றன. அவர் எதையும் அமைக்கவில்லை, அச்சில் எதையும் தீட்டவுமில்லை. ஆனால் நின்ற இடமோ வந்த நேரமோ சற்று மாறியிருந்தால், உள்ளும் புறமும் கலந்த அந்த மயக்கம் கிடைத்திருக்காது.

இதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்வேன். ஓர் ஊடகத்துக்கே உரிய தேர்வுகள் இருந்து, அவற்றில் ஒன்று மாறும்போது பொருளும் மாறி, ஏன் மாறியது என்று காரணத்தோடு வாதிடப் பார்வையாளர்களும் உருவாகிவிட்டால், அங்கே கலைக்கு இடம் இருக்கிறது. உழைப்பை அளவாகக் கொண்டால் கல்லுடைப்பவர்தான் முதல் சிற்பியாக இருக்க வேண்டும். கைப்பேசிக் கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை: பால்கணக்கையும் தமிழில்தான் எழுதுகிறோம், அதனால் கவிதைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

கண்காட்சியில் புகைப்படங்களுக்கு இடம் கொடுங்கள், ஆனால் ஓவியங்களோடு ஒரே பரிசுக்குப் போட்டியிட வைக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரிடமும் தேர்ந்தெடுத்த படத்தோடு, அதே இடத்தில் எடுத்து ஒதுக்கியவற்றையும் கேட்டு வாங்கி, ஏன் ஒதுக்கினார் என்று பேராசிரியரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.