குழலுக்குள் நின்றுபோன குண்டு

கேள்வி: என்னுடையது .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) சக்கிமுக்கித் துப்பாக்கி. வெடிமருந்து போட மறந்து, எண்ணெய்த் துணி சுற்றிய குண்டைக் கெசக்கோலால் அடிவரை இடித்து இறக்கிவிட்டேன். எப்படி எடுப்பது?
- ஒரு வாசகர், பென்சில்வேனியா

பதில்: மருந்து போடவில்லை என்ற நினைப்பை நம்பிக் கை வைக்காதீர்கள். குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, பற்றுமருந்து வைக்கும் கிண்ணியைத் துடைத்து, சுத்தியலிலுள்ள கல்லைக் கழற்றுங்கள்.

பிறகு கெசக்கோலை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் அடையாளமிட்டு, வெளியே குழலோடு வைத்து அளந்து பாருங்கள். குண்டின் விட்டம் .49 அங்குலம். கோல் நுனி குழலின் அடியிலிருந்து அரை அங்குலத்தில் நின்றால் வெறும் குண்டுதான். 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்) கரிமருந்து இந்தக் குழலில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் அடைக்கும். ஆகவே இரண்டு அங்குலத்தில் நின்றால் மருந்து இருக்கலாம், அல்லது குண்டு பாதியில் நிற்கலாம்.

எதுவானாலும் பற்றுத்துளை (கிண்ணியிலிருந்து குழலுக்குள் தீ செல்லும் சிறு துளை) வழியே ஊசிக்குழாயால் தண்ணீர் செலுத்தி ஊறவிடுங்கள். வாய்வழி ஊற்றினால் எண்ணெய்த் துணி தடுத்துவிடும்.

அடுத்து குண்டு இழுப்பான்: கோல் நுனியில் மாட்டும் திருகு. அதைச் சுற்றிப் பித்தளை வளையம் இருக்கட்டும். இல்லையேல் திருகு ஓரமாக ஏறிக் குழலின் உட்புறச் சுழல்வரிகளைக் கீறும். மரக்கோல் வேண்டாம், முனைப் பூண் உருவிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். எஃகுக் கோலைத் திருகி ஈயத்தில் ஆழமாக ஏற்றி, அதன் கைப்பிடியைக் கம்பத்தில் கட்டி, துப்பாக்கியைப் பின்னோக்கி இழுங்கள். குழல்வாய்க்கு எதிரே யாரும் நிற்கவே கூடாது.

பற்றுத்துளையில் பொருத்தும் கார்பன்டையாக்சைடு கருவி இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். ஒரே அழுத்தில் குண்டு பறக்கும். அதையும் சுடுவதாகவே கருதி மண்மேட்டை நோக்கிப் பிடியுங்கள்.

கேள்வி: பற்றுத்துளை வழியே கொஞ்சம் மருந்து போட்டுச் சுட்டுவிடலாமே?
- இன்னொரு வாசகர்

பதில்: செய்வதுண்டு. தண்ணீர் செலுத்தாத குழலில், வெறும் குண்டு என்று அளந்து உறுதியான பின், சுடுகளத்தில் மட்டும். மூன்று முதல் ஐந்து கிரெய்ன் நான்கு எஃப் எனும் மிக நுண்ணிய கரிமருந்துப் பொடி போதும். பொடி போட்டதும் கோலால் குண்டை மறுபடி அடிவரை அழுத்தி, கோலை வெளியே எடுத்துவிட வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்தால், விரையும் வாயு அசையாத குண்டில் மோதி அந்த இடத்தில் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். கரி படிந்த குழலில் குண்டு பாதியில் நின்றுவிட்டால் இந்த வழியே கூடாது. நனைத்து, இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

குண்டு வந்ததும் குழலைக் கழுவி உலர்த்தி எண்ணெயிடுங்கள். நனைந்த கரிமருந்து ஒரே இரவில் துருவேற்றும்.