மூளைக் கட்டியும் நரம்புகளின் பேச்சும்: பெங்களூர் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் பல வருடம் இங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் நரம்புச் செல்களோடு வேலை செய்தவன். வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அல்சூர்: அண்ணனுக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. முதலில் வந்தது ஃபிட்ஸ்தான். கட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஒரு நரம்பு அடுத்ததைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தால். வேலை முடிந்ததும் பக்கத்திலுள்ள துணைச் செல்கள் அதை உறிஞ்சி எடுத்துவிடும். இந்தக் கட்டியின் செல்களோ, தங்களைக் காத்துக்கொள்ள சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை உள்ளே இழுத்து, பதிலுக்கு குளூட்டமேட்டை வெளியே தள்ளுகின்றன. சுற்றியுள்ள நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. வலிப்பு வர அது ஒரு முக்கியக் காரணம்.

அதோடு நிற்கவில்லை. நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்பான சினாப்ஸ் இணைப்பைக் கட்டிச் செல்களோடும் போடுகின்றன என்று 2019இல் ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே குழுவும், ஹைடல்பெர்க்கில் ஃபிராங்க் விங்க்லர் குழுவும் காட்டின. நரம்பு விடும் குளூட்டமேட்டை, செல்லின் மேலுள்ள ஆம்பா ஏற்பிகள் என்ற புரதங்கள் வழியாக வாங்கி, கட்டி வளர்கிறது, பரவுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது மனதைப் பிசையும் விஷயம். இந்தத் துறையில் செய்த ஆய்வுக்காக மோன்ஜே, விங்க்லர் இருவருக்கும் 2025இல் பிரெய்ன் பிரைஸ் என்ற மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது.

ஸ்ரீராமபுரம்: அஜினோமோட்டோவும் குளூட்டமேட்தானே? ஹோட்டல் சாப்பாட்டால் வந்திருக்குமா?

இல்லை. சாப்பாட்டில் வருவதைக் குடலே பெரும்பாலும் செலவழித்துவிடும். மிச்சத்தை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு மறிக்கும். தக்காளியிலும் குளூட்டமேட் உண்டு. உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு: அப்படியானால் ஆம்பாவை அடைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வலிப்புக்குத் தரும் பெரம்பனல் அந்த வகைதான். எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. மனிதர்களில் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. கடுங்கோபம், மனக்குழப்பம் வரவழைக்கக்கூடிய மருந்து அது. நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அப்புறம், இப்போது சாப்பிடும் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிம்ஹான்ஸ் மருத்துவமனையோ வேறெங்கோ, பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள்.

மறுபடி அல்சூர்: அண்ணன் நாள் முழுக்கப் பாட்டு கேட்கிறார், படிக்கிறார். மூளைக்கு வேலை கொடுத்தால் கட்டி வளருமா?

உங்கள் பயம் புரிகிறது. நரம்பைத் தூண்டினால் கட்டி வளரும் என்று எலிகளில் காட்டியது, மூளையின் ஓரிடத்து நரம்புகளை ஒளியால் தூண்டிப் பார்த்த சோதனை. அதை வைத்து யோசிக்காதே, படிக்காதே என்று நோயாளியிடம் சொல்ல முடியாது. தூங்கும்போதுகூட நரம்புகள் பேசிக்கொண்டுதான் இருக்கும். பாட்டை நிறுத்தாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.