பேராசிரியரின் மனைவியாக மட்டும் பார்க்கிறார்கள் என்றால்

வடிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, கணவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தும் யாரும் உங்களைக் கணிதவியலாளராக மதிக்கவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். அமெரிக்கக் கணிதவியலாளர் காரென் உலென்பெக் 1968-இல் முனைவர் பட்டம் முடித்து எம்ஐடி, பெர்க்லி என்று தற்காலிக வேலைகளில் இருந்துவிட்டு, கணவரோடு அர்பானா-ஷாம்பெய்னில் இருக்கும் இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கும் இதே நிலைமைதான். ஆனால் அங்கிருந்த இளம் ஆய்வாளர் ஜொனாதன் சாக்ஸோடு சேர்ந்துதான் அந்த அருமையான வேலையைச் செய்தார்: ஒரு பரப்பை இன்னொரு வெளிக்குள் சமநிலையாக விரித்துப் பொருத்தும் சார்புகளை வரிசையாக எடுத்தால், அவற்றின் ஆற்றல், அதாவது பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்ற அளவு, ஒருசில புள்ளிகளில் மட்டும் குவியும், அங்கே குமிழி போலக் கோளங்கள் பிரிந்து வரும், மற்ற இடமெல்லாம் அந்த வரிசை ஒரே சார்பை ஒழுங்காக நெருங்கும். 1981-இல் கட்டுரை வெளிவருவதற்குள் அவர் சிகாகோவுக்கு மாறியிருந்தார். 2019-இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு, பெண்களில் அவர்தான் முதல் ஆள். நீங்கள் முதலில் கணக்கு பேச ஒரு ஆளைப் பிடியுங்கள், பக்கத்து ஊர்க் கருத்தரங்கானாலும் சரி. அப்புறம், வேறு ஊர்களுக்கும் விண்ணப்பம் போடத் தொடங்குங்கள்.