கழிவுநீர்க் கசடைச் சூடாக்குவது பற்றி: கேள்வி பதில்

கேள்வி: 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலே கசடில் உள்ள கிருமி செத்துவிடுகிறது. 165 டிகிரி வரை போவது வீண் செலவுதானே?

இல்லை, இரண்டும் வேறு வேலை. 70 டிகிரி கொல்வதற்கு, உருண்டைப்புழு முட்டைகூட அதில் தாங்காது. 165 டிகிரி உடைப்பதற்கு. சுத்திகரிப்பில் மிஞ்சும் உபரிக் கசடில் பெரும்பகுதி பாக்டீரியா செல்களும் அவற்றைச் சுற்றிய கொழகொழப்பும்தான், டைஜெஸ்டர் (காற்றில்லாமல் கசடைச் செரித்து வாயு எடுக்கும் தொட்டி) அதைக் கரைக்க நாள் கணக்கில் திணறும். ஏறக்குறைய 6 பார் நீராவியில் 20, 30 நிமிடம் வேகவைத்துவிட்டு அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் செல்சுவர் கிழிந்துவிடும். அள்ளினால் சரியாமல் நின்ற கசடு குழாயில் இளகி ஓடும், அதனால் அதே டைஜெஸ்டரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு திடப்பொருளை ஏற்றலாம், வாயுவும் கூடும், பிறகு பிழிவதும் எளிது. நார்வேயின் ஹமார் நகரில் 1995 முதலே இது நடக்கிறது. ஆனால் பிழிந்த நீர் பழுப்பாக, அம்மோனியா நிறைந்து திரும்பி வரும். அதைச் சுத்திகரிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: கெட்டிப்படுத்தும் தொட்டியில் இருந்து கசடை நேராக உலர்த்திக்கு அனுப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். 200 கிலோ திடப்பொருள் 4 சதவீதக் கசடாக இருந்தால் மொத்தம் 5 டன். அதைத் திடப்பொருள் 90 சதவீதம் ஆகும் வரை உலர்த்த 4,778 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றி நீரைப் பிரிக்கும் இயந்திரம்) 20 சதவீதத்துக்குப் பிழிந்தால் 778 கிலோ போதும், 25 சதவீதம் என்றால் 578. ஒரு கிலோ நீரை ஆவியாக்க இழப்புகளோடு சுமார் 0.8 கிலோவாட் மணி வெப்பம் போகும். முதலில் பிழியுங்கள், அப்புறம் சுடுங்கள். இன்னொன்று, திடப்பொருள் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும்போது கசடு பசை மாதிரி உலர்த்தியின் துடுப்பில் அப்பி மோட்டாரையே நிறுத்திவிடும். உலர்ந்த துகளைக் கொஞ்சம் திருப்பிக் கலந்து அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள்.

உலர்ந்த துகளை ஆறவைக்காமல் சிலோவில் (மூடிய சேமிப்புக் கலம்) கொட்டாதீர்கள். ஓர் ஆலையில் காலையில் போனபோது முடி கருகிய வாடை அடித்தது, சிலோவின் வெளித்தகடே கையைச் சுட்டது. அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் காற்று புகுந்து தீ பிடிக்கும், நைட்ரஜன்தான் செலுத்த வேண்டும்.

கேள்வி: சூடாக்கினால் ஈயம், காட்மியம் போய்விடுமா?

போகாது. நீர் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி கூடும்.

கேள்வி: உலர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டும்?

மேலே கணக்கே போட்டிருக்கிறேன், படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): எங்களுக்கு 70 டிகிரியே போதும். டைஜெஸ்டருக்குப் பிறகு வைத்திருக்கிறோம், சோதனையில் ஈ.கோலை (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) பூஜ்யம்.

மாதிரியை எங்கே எடுத்தீர்கள்?

கேள்வி: பாஸ்டரைசரில் (70 டிகிரியில் சூடாக்கும் தொட்டி) இருந்து கசடு வெளியே வரும் இடத்தில்.

அங்கே பூஜ்யம்தான் வரும். சூட்டில் எல்லாமே செத்த கசடில் போட்டிக்கு ஆள் இல்லை, உணவு மட்டும் மிச்சம். பிழியும் இயந்திரத்தில் ஒட்டியிருந்த கொஞ்சம் கிருமி கலந்தாலும் குவியலில் பெருகிவிடும். அதனால்தான் டைஜெஸ்டருக்கு முன்னால் வைக்கச் சொல்கிறோம், அப்படி வைத்தால் டைஜெஸ்டரின் நுண்ணுயிர்க் கூட்டம் புதிதாக வருவதை எளிதில் வளரவிடாது.

கேள்வி: குழாயை மாற்றுவது பெரிய வேலை. உங்கள் பேச்சை மட்டும் நம்பி எப்படி மாற்றுவது?

நம்ப வேண்டாம். மூன்று நாள் கிடந்த குவியலின் நடுவில் இருந்து ஒரு மாதிரி எடுத்துச் சோதித்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசலாம். கடைசியாக, சிலோவில் துகளைக் கொட்டுவது ஆறவைத்த பிறகுதான், மறக்காதீர்கள்.