வேலை கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன?

வணக்கம் அம்மா.

சிவில் இன்ஜினியரிங் படித்த மகள் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, ஆனாலும் “இதுக்காகவாம்மா சிவில் படிச்சேன்?” என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இது திமிரா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கேம்பஸில் யார் எடுக்கிறார்களோ அங்கே சேர்ந்துவிடுவது நம் ஊர் வழக்கம். அதுவரை அடுத்த பரீட்சை எது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இப்போது சொல்ல ஆளில்லை, அவளே கேட்கிறாள். கேட்கட்டும்.

முதலில் தூக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் கேபில் வந்து இறங்கும் பிள்ளையிடம் லட்சியம் பற்றிப் பேசாதீர்கள். ஷிஃப்ட் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தூங்கிய பிறகும் கசந்தால்தான் அது வேலையின் கசப்பு.

“உனக்கு எதில் ஆர்வம்?” என்றால் “தெரியல” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியல?” என்று கேட்டுப் பாருங்கள். டெஸ்டிங்கில் தப்பைக் கண்டுபிடிப்பதா, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லித் தருவதா, கிளையண்டிடம் பேசுவதா? அதைப் பொறுத்து கம்பெனிக்குள்ளேயே டீம் மாறலாம்.

இல்லை, சிவில்தான் வேண்டும் என்கிறாளா? ஓ.எம்.ஆர். சாலையில் அவள் போகும் வழியிலேயே சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர். அந்தத் தூண்களை கேப் ஜன்னலில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மே மாத வெயிலில் ஹெல்மெட்டோடு நின்று கான்கிரீட் வண்டிக்குக் காத்திருப்பது வேறு கதை. சைட்டில் இருக்கும் கல்லூரி சீனியர் யாரையாவது பிடித்து, காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார் என்று கேட்கட்டும். சம்பளத்தையும் கூச்சப்படாமல் கேட்கட்டும். இப்போது வாங்குவதைவிடக் குறையலாம்.

அதன் பிறகும் ஆசை மிச்சமிருந்தால் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு எழுதலாம். வேலையை விடவேண்டியதில்லை, மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். எம்.டெக். சேர்க்கைக்கு மட்டுமல்ல, சில பொதுத்துறை நிறுவனங்களும் அதை வைத்து ஆள் எடுக்கின்றன. விட்டுப்போன பாடங்களை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

“பொம்பளப்பிள்ளைக்கு சைட் வேலையா?” என்று அவள் அப்பா கேட்கிறாராம். சிவிலில் டிசைன், எஸ்டிமேஷன் என்று அலுவலக வேலையும் உண்டு என்று சொல்லுங்கள். சைட்டே வேண்டும் என்று அவள் சொன்னால் குறுக்கே நிற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வேலை கைக்கு வராமல் ராஜினாமா செய்ய வேண்டாம். ஆஃபர் லெட்டரில் இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற பாண்டு இருக்கிறதா, விலகுவதற்கு முன் தரவேண்டிய நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள், பல ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள். வரன் பேச்சை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அடுத்த முறை மகளையே வரச் சொல்லுங்கள், தனியாக.